அளவு மாறும்போது மாறக் கூடாதவை

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு காலணி மாடல் முதலில் பிறப்பது ஒரே ஒரு அளவில்தான். ஆண்களுக்கானது என்றால் பெரும்பாலும் ஐரோப்பிய 42, பெண்களுக்கானது என்றால் 37. தொழிலில் அதை சாம்பிள் சைஸ் என்பார்கள். அந்த ஒரு ஜோடி வெளிநாட்டு வாங்குபவரின் ஒப்புதலைப் பெற்ற பிறகுதான் மற்ற அளவுகளுக்கான பேட்டர்ன்களை உருவாக்குவார்கள். இந்த வேலைக்கு கிரேடிங் என்று பெயர். முன்பு பேன்டோகிராஃப் பொருத்திய இயந்திரத்தில் அட்டையை வெட்டினார்கள். இன்று கணினி வெட்டுகோட்டை வரைந்து தருகிறது. கணக்கு எளிதாகத்தான் தோன்றும். ஐரோப்பிய அளவுமுறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீளத்தில் மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், அதாவது 6.67 மிமீ வித்தியாசம். 36இலிருந்து 46க்குப் போனால் பத்துப் படி, 66.7 மிமீ. 36ஆம் எண் லாஸ்ட்டின் (காலணியை உருவாக்கப் பயன்படும் பாத வடிவ அச்சின்) நீளம் 240 மிமீ என்றால் 46ஆம் எண்ணின் நீளம் 306.7 மிமீ. கிட்டத்தட்ட 1.28 மடங்கு. அப்படியானால் சின்னக் காலணியை எல்லாத் திசையிலும் 1.28 மடங்கு பெருக்கினால் பெரிய காலணி வந்துவிடாதா?

வராது. வந்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். 1.4 மிமீ தடிமனுள்ள தோல் 1.8 மிமீ ஆகிவிடும். 46ஆம் எண்ணுக்கென்று தனியாகத் தடித்த ஆட்டை யாரும் வளர்ப்பதில்லை. நாடா கோக்கும் துளையில் பதிக்கும் 4 மிமீ வளையம், அதாவது ஐலெட், 5 மிமீக்கு மேல் போய்விடும். கடையில் கிடைக்கும் ஐலெட் அப்படி வளர்வதில்லை. இயந்திரத்தின் தையல் நீளம் எல்லா அளவுக்கும் ஒன்றுதான். ஓரம் மடிக்க விடும் இடமும், லாஸ்ட்டில் இழுத்து ஒட்ட விடும் இடமும் மாறக் கூடாது. ஏனென்றால் அந்த இடத்தைத் தீர்மானிப்பவை வேலை செய்யும் கையும் இயந்திரமும்தான்; போடுகிறவரின் பாதத்துக்கு அதில் பங்கில்லை. சில மாடல்களில் சின்ன அளவுகளுக்கு ஒரு ஜோடி ஐலெட்டையே குறைத்துவிடுவார்கள். ஆக, கிரேடிங் என்பது எது வளர வேண்டும், எது அப்படியே நிற்க வேண்டும், எது முற்றிலும் காணாமல் போக வேண்டும் என்ற முடிவுகளின் வரிசை. பெருக்கல் அதில் ஒரு சிறு பகுதிதான். கைபேசிச் செயலியில் ஒரு படத்தைப் பல திரைகளுக்குத் தயார் செய்வதும் இதே வேலைதான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். அதை வெறும் பெருக்கலாக எண்ணுவதால் வரும் கோளாறுகள் பளிச்சென்று தெரிவதும் தோல் பொருள்களின் படங்களில்தான்.

திரைகளின் கதை சுருக்கமானது. 2007இல் வந்த முதல் ஐபோனின் திரை 320 க்கு 480 பிக்சல். அங்குலத்துக்கு 163 பிக்சல். செயலி எழுதுபவர் 44 பிக்சல் உயரத்தில் ஒரு பொத்தானை வரைந்தால் அது எல்லா ஐபோனிலும் ஒரே உயரம். மூன்று ஆண்டுகள் இந்த நிம்மதி நீடித்தது. 2010 ஜூனில் வந்த ஐபோன் 4, அதே மூன்றரை அங்குலத் திரையில் 640 க்கு 960 பிக்சலைத் திணித்தது, அங்குலத்துக்கு 326. பழைய படத்தை அப்படியே வைத்தால் பொத்தான் பாதி உயரத்துக்குச் சுருங்கிவிடும். அதனால் ஆப்பிள் ஒரு பிக்சலை நான்காக விரித்துக் காட்டியது. அளவு மாறாமல் தப்பியது, ஆனால் எழுத்தெல்லாம் கூர்மையாகத் தெரியும் திரையில் பழைய படங்கள் மட்டும் கட்டம் கட்டமாக நின்றன. எனவே ஒவ்வொரு படத்துக்கும் இரட்டை அளவில் ஒரு பிரதி, பிறகு 2014இல் ஐபோன் 6 பிளஸ் வந்ததும் மும்மடங்கு அளவில் இன்னொன்று என்று கோப்புகள் பெருகின. ஆண்ட்ராய்டின் நிலைமை இதைவிடச் சிக்கல். அங்கே பல நிறுவனங்கள், பல விலைகள், பல திரைகள். அது 160ஐ அடிப்படையாக வைத்துக்கொண்டு 120, 240, 320, 480, 640 என்று அடர்த்திகளைத் தொகுதிகளாகப் பிரித்தது. 160 அடர்த்தியில் ஒரு பிக்சல் எவ்வளவோ அதுதான் ஒரு டிபி. 480 திரையில் அதே டிபிக்கு மூன்று பிக்சல்.

இந்தத் தொகுதிகளைக் காலணிக்காரர்கள் பார்த்த உடனே புரிந்துகொள்வார்கள். எல்லா எண்ணுக்கும் தனித்தனி ஹீல் அச்சு செய்வது கட்டுப்படியாகாது என்பதால் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு ஒரே ஹீலைப் பொருத்தும் வழக்கம் அவர்களிடம் உண்டு. பாதத்துக்குப் பாதம் அளவு வேறுபடும். ஆனால் அச்சுகளின் எண்ணிக்கை கைக்கு அடங்க வேண்டும். ஆறரை அங்குலத்தில் 720 க்கு 1600 பிக்சல் உள்ள சாதாரணக் கைபேசியின் உண்மையான அடர்த்தி சுமார் 270. அதற்கென்று ஒரு தொகுதி கிடையாது. தயாரிப்பாளர் தனக்கு வசதியான ஓர் எண்ணை அறிவிக்கிறார், செயலி அதை நம்புகிறது. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பயன்படுத்துபவரே அமைப்பில் போய் எல்லாவற்றையும் பெரிதாக்கிக்கொள்ளலாம்; அப்போது அந்த எண்ணும் மாறும். இரண்டு லாஸ்ட்டுகளில் செய்த 42ஆம் எண் காலணிகள் ஒரே காலில் வேறு வேறு மாதிரி உட்காருவது போல, 320 என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு திரைகளில் ஒரே பொத்தான் மிமீக் கணக்கில் வேறு வேறு உயரத்தில் இருக்கும்.

தொகுதி வகுத்தாகிவிட்டது; இனிப் பெருக்கினால் போதுமே என்றால், முதல் இடறல் 240இல் காத்திருக்கிறது. 160க்கு அது ஒன்றரை மடங்கு. 24 பிக்சல் சதுர ஐகானில் ஒரு பிக்சல் தடிமனில் வரைந்த கோடு, 36 பிக்சல் ஐகானில் ஒன்றரை பிக்சல் ஆக வேண்டும். திரையில் அரைப் பிக்சல் கிடையாது. ஒரு பிக்சலைக் கறுப்பாகவும் பக்கத்துப் பிக்சலைச் சாம்பலாகவும் ஆக்கித்தான் அதை நடிக்க முடியும். அதன் விளைவு மங்கலான கோடு. கையால் கிரேடிங் செய்யும் வடிவமைப்பாளர் அந்தக் கோட்டை ஒரு பிக்சலாகவோ இரண்டாகவோ முடிவு செய்து, மிச்ச இடத்தைச் சரிக்கட்டுவார். ஆண்ட்ராய்டில் நைன்-பேட்ச் என்றொரு பட வகை உண்டு. படத்தின் விளிம்பில் ஒரு பிக்சல் அகலத்தில் கறுப்புக் கோடுகள் போட்டு எந்தப் பகுதி நீளலாம் என்று குறித்துவிட்டால், பொத்தானின் நடுப்பகுதி மட்டும் நீளும், வளைந்த மூலைகள் அப்படியே நிற்கும். மடிப்பு ஓரத்தை வளர விடாமல் பிடித்து வைக்கும் கிரேடிங் விதிக்கும் இதற்கும் வேறுபாடு பெயரில்தான்.

ஐகானும் பொத்தானும் மனிதர் வரைந்தவை. அவற்றில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். தோலின் நிழற்படம் அப்படியல்ல. சோல் ஓரமாக நீளவாக்கில் ஓடும் ஒரு தையலை எடுத்துக்கொள்வோம். காலணி 12 அங்குலம், அங்குலத்துக்குப் பத்துத் தையல் என்று வைத்தால் மொத்தம் 120 தையல். (காலணித் தொழில் தரத்தை அங்குலத்துக்கு இத்தனை தையல் என்றும், திரைத் தொழில் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் என்றும் பேசுவது தற்செயல்தான், ஆனால் கச்சிதமான தற்செயல்.) செயலியின் பட்டியல் பக்கத்தில் இந்தக் காலணி 150 டிபி அகலத்தில் தெரிகிறது. 480 அடர்த்தித் திரையில் அது 450 பிக்சல். ஒரு தையலுக்கு 3.75 பிக்சல் கிடைக்கிறது. தையல் தையலாகத் தெரியும். 160 அடர்த்தித் திரையில் அதே படத்துக்கு 150 பிக்சல்தான். ஒரு தையலுக்கு 1.25 பிக்சல். இங்கேதான் ஹாரி நைக்விஸ்ட் 1928இல் தந்தி அனுப்பும் கணக்கில் தொடங்கி, கிளாட் ஷானன் 1949இல் முழு வடிவம் கொடுத்த விதி குறுக்கே வருகிறது: திரும்பத் திரும்ப வரும் ஒரு வடிவத்தை உள்ளபடி பதிவு செய்ய, ஒரு சுழற்சிக்கு இரண்டுக்கும் மேற்பட்ட மாதிரிகள் வேண்டும். 120 தையலுக்கு 240க்கு மேல் பிக்சல் தேவை, இருப்பது 150.

தேவைக்குக் குறைந்தால் தையல் மறைந்துவிடும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். மறைந்தால்கூடப் பரவாயில்லை, அது பொய் சொல்லத் தொடங்குகிறது. பெரிய படத்திலிருந்து சம இடைவெளியில் ஒவ்வொரு பிக்சலாகப் பொறுக்கி எடுத்துச் சிறிய படத்தைச் செய்தால், ஒரு பிக்சல் நகரும்போது தையல் 0.8 சுழற்சி நகர்ந்திருக்கும். கண்ணுக்கு அது 0.2 சுழற்சி பின்னோக்கி நகர்ந்ததாகவே படும். ஐந்து பிக்சலுக்கு ஒரு தையல் என்ற புதிய வரிசை திரையில் உருவாகும். 150ஐ ஐந்தால் வகுத்தால் 30. அதாவது அங்குலத்துக்குப் பத்துத் தையல் போட்ட காலணி, விலை குறைந்த திரையில் அங்குலத்துக்கு இரண்டரைத் தையல் போட்ட காலணியாகத் தெரிகிறது. இல்லாத தையல், ஆனால் ஒழுங்காக, சீராக, நம்பும்படி இருக்கும் தையல். திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். அங்கே யாரும் ஏமாறுவதில்லை, ஏனென்றால் வண்டி முன்னால் போவது தெரிகிறது. இங்கே தையலைக் கைத்தொழிலின் தர அடையாளமாகப் பார்க்கும் ஒருவருக்கு, அந்தப் படத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இந்தப் பொய்யைத் தடுக்கும் வழி நெடுநாளாகத் தெரிந்ததுதான்: சுருக்கும் முன் பக்கத்துப் பிக்சல்களைச் சராசரி செய்துவிட வேண்டும். ஆனால் தோல் விஷயத்தில் சராசரிக்கும் ஒரு விலை உண்டு. ஆட்டுத் தோல், செம்மறித் தோல், எருமைத் தோல் ஒவ்வொன்றுக்கும் முடித் துளைகளின் அமைப்பு வேறு. மேற்பரப்பைத் தேய்த்துச் சீவாமல் பதனிட்ட தோலில் அந்தத் துளைகள் அப்படியே இருக்கும்; அதைத்தான் தொழிலில் கிரெய்ன் என்கிறார்கள், அதற்குத்தான் கூடுதல் விலை. துளைக்கும் துளைக்கும் இடையே உள்ள மேடும் பள்ளமும் சராசரியில் கரைந்தால் மிஞ்சுவது வழுவழுப்பான ஒரே பழுப்பு. கிரெய்ன் தெரியாத தோலுக்குத் தமிழ்நாட்டுக் கடைகளில் வேறு பெயர் இருக்கிறது: ரெக்ஸின். ஆவாரம் பட்டையில் ஊறிய தோலுக்குக் கிடைத்த இந்தியப் புவிசார் குறியீட்டு மதிப்பெல்லாம் 150 பிக்சலில் ரெக்ஸினாகிவிடுகிறது. சுருக்கிய பிறகு விளிம்புகளைச் சற்றுக் கூர்மைப்படுத்துவது ஓரளவு உதவும். ஆனால் கிரேடிங் மேஜையில் இருப்பவர் வேறு கேள்வி கேட்பார்: இந்த அளவில் இந்தப் பாகம் வேண்டுமா? சின்னப் படத்துக்கு முழுக் காலணியைச் சுருக்குவதற்குப் பதில், முன்பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்த வேறொரு படத்தை வைக்கலாம். ஐலெட்டை ஒரு ஜோடி குறைப்பது போன்ற முடிவு அது. பெருக்கலோ வகுத்தலோ அதைத் தராது.

இவ்வளவு எதற்கு, மிகப் பெரிய படத்தை மட்டும் செயலியில் வைத்துவிட்டு, கைபேசியே சுருக்கிக்கொள்ளட்டும் என்பது பரவலான மறுப்பு. கைபேசி சுருக்கும்தான், எப்படிச் சுருக்குகிறது என்பதுதான் கேள்வி. வேகத்துக்காகத் திரைவரைவு வழக்கமாகப் பக்கத்தில் உள்ள நான்கு பிக்சல்களை மட்டும் பார்த்துக் கலக்கும். பாதியாகச் சுருக்கும்வரை அது போதும். பத்தில் ஒன்றாகச் சுருக்கும்போது இடையிலுள்ளவற்றை எட்டிக்கூடப் பார்க்காது. மேலே சொன்ன பொய்த் தையல் அப்போதுதான் உண்டாகிறது. நினைவகக் கணக்கு இதைவிடக் கடுமையானது. படக் கோப்பு எவ்வளவு சிறிதாக அமுக்கப்பட்டிருந்தாலும், திரையில் காட்ட விரிக்கும்போது பிக்சலுக்கு நான்கு பைட் எடுக்கும். 360 டிபி சதுரப் படம் 160 அடர்த்தியில் 5 லட்சத்து 18 ஆயிரம் பைட்; 480இல் 46 லட்சத்து 65 ஆயிரம்; 640இல் 83 லட்சம். அடர்த்தி மும்மடங்கானால் நினைவகம் ஒன்பது மடங்கு. ஆண்ட்ராய்டில் பலர் விழும் ஒரு குழியும் இங்கே உண்டு. 1080 பிக்சல் சதுரப் படத்தை அடர்த்திப் பெயர் இல்லாத பொதுக் கோப்புறையில் போட்டுவிட்டால், அது 160 அடர்த்திக்கானது என்று கணினி எடுத்துக்கொள்ளும். 480 திரையில் அதை 3240 சதுரமாக விரிக்கும். ஒரே ஒரு காலணிப் படத்துக்கு 4 கோடியே 20 லட்சம் பைட். படத்தில் ஒரு துளைகூடக் கூடுதலாகத் தெரியாது. செயலி மட்டும் திணறும். அளவு எண் எழுதாத அட்டை பேட்டர்னை கட்டிங் பிரிவுக்கு அனுப்பினால் நடப்பதும் ஏறத்தாழ இதுதான்.

திசையன் படங்கள் இருக்கும்போது பிக்சலைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பார்கள் வேறு சிலர். இது வலுவான மறுப்பு. கோட்டையும் வளைவையும் கணித வடிவில் வைத்து, அந்தந்தத் திரையில் புதிதாக வரையும் எஸ்விஜி 2001இலேயே தர நிர்ணயம் பெற்றது. ஆண்ட்ராய்டில் 2014இன் 5.0 பதிப்பிலிருந்து திசையன் ஐகான்களுக்கு நேரடி வசதி இருக்கிறது. ஐகான்களுக்கு அதையே பயன்படுத்த வேண்டும், ஐயமில்லை. ஆனால் தோலின் கிரெய்னைச் சமன்பாடாக எழுத முடியாது. எழுதினால் நிழற்படத்தைவிடப் பெரிய கோப்பாகும். வரைந்த வடிவங்களிலும் திசையன் எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. தமிழ் எழுத்தே சாட்சி. பெரிய தலைப்பில் அழகாக நிற்கும் ‘ண’வும் ‘ஞ’வும், அதே வளைவுகளோடு பன்னிரண்டு பிக்சல் உயரத்துக்குச் சுருங்கினால் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டுகளாகிவிடும். ஈய எழுத்து வார்த்த காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனி அச்சு வெட்டினார்கள். சின்ன அளவில் சுழியைச் சற்றே திறந்து வைக்க அதனால் முடிந்தது. கணினி எழுத்துரு அந்த வேலையை ஒரே வரைபடத்திடம் ஒப்படைத்தது. பிறகு அதைச் சரிசெய்ய, சின்ன அளவுக்கென்று தனிக் குறிப்புகளை எழுத்துருவுக்குள் எழுத வேண்டி வந்தது. திசையன் பெருக்கலைத் துல்லியமாகச் செய்யும். எதைப் பெருக்கக் கூடாது என்று அதற்குத் தெரியாது.

மூன்றாவது மறுப்பு கண்ணிலிருந்து வருகிறது, இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். இயல்பான பார்வை சுமார் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்தறியும். 12 அங்குலத் தொலைவில் பிடித்த திரைக்கு அது அங்குலத்துக்கு 286 பிக்சல். ஐபோன் 4ஐ அறிமுகப்படுத்தியபோது ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், கண்ணின் எல்லை அங்குலத்துக்குச் சுமார் 300 பிக்சல் என்று 2010இல் சொன்னதற்கு அடிப்படை இதுதான். அதற்கு மேல் போவது வீண் என்றால் 640 அடர்த்திக்கென்று தனிப் படம் எதற்கு? நிழற்படங்களைப் பொறுத்தவரை இது சரி. மும்மடங்குப் படத்தையே நான்மடங்குத் திரையில் காட்டினால் பெரும்பாலோருக்கு வேறுபாடு தெரியாது. நினைவகம் மட்டும் பாதிக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிவது வேறு, ஒரு கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது வேறு. கோட்டில் ஏற்படும் விலகலைக் கண் சில விகலை அளவில்கூடக் கண்டுபிடித்துவிடும். ஒரு கலைக்கு அறுபது விகலை. சாய்வாக ஓடும் தையல் வரிசையின் படிக்கட்டுத் தோற்றம் 286க்குப் பிறகும் உறுத்துவது அதனால்தான். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே உச்ச அளவு என்பதும் தவறு. எழுத்தும் கோடும் திரையின் முழு அடர்த்தியில், தோலின் படம் மும்மடங்கில் என்று பிரிப்பதே சிக்கனம்.

படங்களைச் சுருக்கும் வேலையை இப்போது தொலைதூரக் கணினிகள் செய்கின்றன. 2015இல் ஆப்பிளும் 2018இல் கூகுளும் கொண்டுவந்த முறைகளால் ஒரு கைபேசிக்கு அதன் அடர்த்திக்குரிய படங்கள் மட்டுமே இறங்குகின்றன. கோப்புகளின் சுமை குறைந்தது, நல்லது. ஆனால் எந்தப் பகுதியை வெட்டுவது, எவ்வளவு சராசரி செய்வது என்ற முடிவு இடம் மாறியிருக்கிறதே தவிர ஒழியவில்லை.

புதிதாக வந்திருக்கும் வாதம்தான் கவலை தருவது. சின்னப் படத்தைச் செயற்கை நுண்ணறிவே பெரிதாக்கித் தரும்போது, பெரிய மூலப் படம் எதற்கு என்கிறார்கள். பழைய முறையில் பெரிதாக்கினால் படம் மங்கும். மங்கல் குறைந்தபட்சம் நேர்மையானது. புதிய மென்பொருள், தான் பார்த்துப் பழகிய ஆயிரக்கணக்கான படங்களை வைத்து, இங்கே துளை இருந்திருக்கலாம் என்று துளை போடுகிறது. முகப்படத்தில் ஒரு முடி கூடினால் யாருக்கும் நட்டமில்லை. தோலில் துளையின் அமைப்பு என்பது எந்த விலங்கு என்பதற்கான அடையாளம். 1948இல் சென்னை அடையாறில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மேற்பரப்பின் பெரிதாக்கிய படங்களை வைத்து மாடா, எருமையா, ஆடா, செம்மறியா என்று கணினியே இனங்காணும் ஆய்வுகளை வெளியிட்டிருக்கிறார்கள். அந்த ஆய்வு நிற்பதே துளைகளின் அளவும் அடர்த்தியும் அடுக்கும் உண்மையானவை என்ற நம்பிக்கையில். மென்பொருள் கற்பனையில் வரைந்த கிரெய்ன், செம்மறித் தோலுக்கு ஆட்டின் துளைகளைப் போட்டுவிட்டால், பேரணாம்பட்டுத் தோலை ரோட்டர்டாமில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது பிழை என்று அறிய வழியில்லை. மூலப் படத்தைப் பெரிதாக எடுத்து வைத்து, கீழ்நோக்கி மட்டும் கிரேடிங் செய்வதுதான் பாதுகாப்பு. சாம்பிள் சைஸ் நடுவில் இருந்துகொண்டு இரு பக்கமும் வளரலாம். படத்தின் சாம்பிள் சைஸ் எப்போதும் உச்சியில்தான் இருக்க முடியும்.

இன்னொரு தேவையும் இந்தத் தொழிலுக்கு உண்டு: தோலை அதன் உண்மையான அளவில் திரையில் பார்ப்பது. கிரெய்ன் நுணுக்கமா, முரடா என்று சொல்ல அதுவே நேர்வழி. இங்கே டிபி கைவிட்டுவிடுகிறது, ஏனென்றால் அது மிமீ அல்ல. தயாரிப்பாளர் அறிவித்த ஓர் எண்ணின் நிழல். திரையின் மெய்யான அடர்த்தி என்று கைபேசி தரும் எண்ணையும் எல்லாக் கைபேசியிலும் நம்ப முடியாது. அதனால் இரண்டு தகவல்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, படம் எடுத்தபோது தோலின் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் விழுந்தது என்பது. தோலின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்தால் அது கிடைத்துவிடும். மற்றொன்று, பார்ப்பவரின் திரையில் ஓர் அங்குலம் எத்தனை பிக்சல் என்பது. அதற்குச் செயலி செய்ய வேண்டியது எளியது. திரையில் ஒரு செவ்வகத்தைக் காட்டி, பையிலிருக்கும் வங்கி அட்டையை அதன்மேல் வைக்கச் சொல்லி, இரண்டும் பொருந்தும்வரை செவ்வகத்தை விரலால் இழுக்கச் சொல்லலாம். உலகெங்கும் அந்த அட்டையின் நீளம் 85.6 மிமீ. பொருந்திய கணத்தில் திரையின் உண்மை அடர்த்தி தெரிந்துவிடும். அடுத்து வரும் ஆட்டுத் தோலின் படத்தில் துளைக்கும் துளைக்கும் இடையே உள்ள தூரம், ராணிப்பேட்டைக் கிடங்கில் கிடக்கும் தோலில் உள்ள அதே தூரமாக இருக்கும்.